‘திருடன்’ என்று எழுத உங்களுக்கு யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்கள் பத்திரிகையின் மலையகப் பக்கத்தில் தோட்டத்து இளைஞர் ஒருவரைப் பொலிஸார் பிடித்த செய்தி வந்திருந்தது. தலைப்பு, "நகைத் திருடன் சிக்கினான்". பக்கத்திலேயே கைவிலங்கோடு படம். உள்ளே இறங்கி வாசித்தால் "சந்தேகத்தின் பேரில் கைது", "நீதவான் முன்னிலையில் ஆஜர்படுத்தப்பட உள்ளார்" என்றெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தேத்தண்ணிக் கடையில் பேப்பரை விரிக்கிறவர் தலைப்பையும் படத்தையும்தான் பார்ப்பார், அதற்குக் கீழே உள்ளதை யார் வாசிக்கப் போகிறார்கள், மறுநாள் அதில் வடை சுற்றிக் கொடுப்பார்கள். சரி, நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பையன் திருடன் என்று உங்களுக்கு யார் சொன்னது? வழக்கே இன்னும் ஆரம்பிக்கவில்லையே.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் கோபம் இருக்கிறதுதான். ஆனால் இந்தக் கடிதத்தை நான் எழுதாமல் தள்ளிப்போட்ட வருடங்கள் நிறைய, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் தோட்ட ஆபீஸில் 31 வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவன். பிறந்து வளர்ந்தது நாவலப்பிட்டி டவுனில், அப்பா சலூன் வைத்திருந்தார், கூட விளையாடிய பிள்ளைகளில் பாதிப் பேர் சிங்களப் பிள்ளைகள். அதனால் சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேச மட்டும். வாசிக்க எழுத்துக் கூட்ட வேண்டும், கையெழுத்து என்றால் அதுவும் முடியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தோட்டத்தில் யாரையாவது பொலிஸ் கூட்டிக்கொண்டு போனால் முதலில் தொழிற்சங்கத் தலைவரிடம் ஓடுவார்கள், அவர் இல்லாவிட்டால் என்னிடம். "கிளாக்கரையா, கொஞ்சம் வந்து பேசுங்கய்யா." நானும் போவேன். எனக்கு அதற்குச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை, பயிற்சியும் இல்லை. பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த ஆள் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். உண்மையைச் சொன்னால் அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

1990களின் நடுவில் ஒரு நாள். எந்தத் தோட்டம், எந்தப் பொலிஸ் நிலையம் என்று சொல்லப் போவதில்லை, யாரையும் மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை. ஸ்டோரில் பழைய மோட்டரிலிருந்து செப்புக் கம்பி காணாமல் போயிருந்தது. நான்கு நாள் கழித்து லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு, பையன் ஒருவனைப் பிடித்தார்கள், பத்தொன்பது வயது. அவன் சொன்னது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்கப் போனவன், தண்ணீர் ஓடுகிற கானுக்குள்ளே ஒரு சாக்கைப் பார்த்திருக்கிறான், பிரித்தால் கம்பி. "பொறுக்கிட்டு வந்தேன், வீட்டுல விறகுக்குக் கீழ வச்சிருக்கேன், வாங்க காட்டுறேன்." இவ்வளவுதான்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் எதை எங்கே வைப்பது? எல்லாம் விறகுக்குக் கீழேதான், இல்லாவிட்டால் கட்டிலுக்குக் கீழே. எங்கள் வீட்டுக் குடைகூட விறகு அடுக்குக்குள்ளேதான் கிடந்தது. இது லயத்தில் இருந்தவனுக்குத் தெரியும். வாக்குமூலம் எழுதிய பொலிஸ் சார்ஜனுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பொறுக்கினேன் என்றால் சிங்களத்தில் "அஹுலகத்தா". நான் "கத்தா" என்று சொன்னேன். எடுத்தேன் என்று அர்த்தம். அவசரத்தில் அரைச்சொல்லை விழுங்கிவிட்டேன், அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு வித்தியாசமாகவே படவில்லை. அடுத்தது, "வச்சிருக்கேன்". அதற்கு "தியலா" என்று சொல்ல வேண்டும். ஒளித்து வைத்திருக்கிறேன் என்றால் "ஹங்கலா". நான் எதைச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ இரவு யோசித்துப் பார்த்துவிட்டேன். நானே "ஹங்கலா" என்றேனா, நான் சரியாகச் சொல்லி சார்ஜன் தன் விளக்கத்தில் அப்படி எழுதினாரா. நீதிமன்றத்தில் வாசித்தபோது எழுதியிருந்தது "ஹங்கலா" என்றுதான்.

எழுதி முடித்ததும் சார்ஜன் தாளை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டு, "ஒப்பம் வைக்கச் சொல்லுங்கள்" என்றார். பையன் என்னைப் பார்த்தான். நான் "வை" என்றேன். அவனுக்குச் சிங்களமே தெரியாது, எனக்கு அந்தக் கையெழுத்து தெரியாது. அவன் தமிழில் தன் பெயரை முழுசாக, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி குண்டு குண்டாக எழுதினான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவனை யாரும் ஒரு அடிகூட அடிக்கவில்லை. சார்ஜன் அவனுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். நிரபராதிகள் தண்டிக்கப்படுவதைப் பற்றிப் பேசினாலே எல்லாரும் சித்திரவதையைத்தான் நினைக்கிறார்கள். அது இல்லை என்று நான் சொல்லவில்லை, சித்திரவதைக்கு எதிராக 1994இல் தனிச் சட்டம் கொண்டுவந்து குறைந்தது ஏழு வருடச் சிறை என்று போட வேண்டி வந்த நாடு இது. ஆனால் அடி விழாமலே, யாரும் கெட்ட எண்ணம் வைக்காமலே, ஒரு ஆள் குற்றவாளி ஆகலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

சட்டம் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள், பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாதே என்று. உண்மைதான். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் 25ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது, பொலிஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை அந்த ஆளுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 26ஆம் பிரிவு, காவலில் இருக்கும்போது யாரிடம் ஒப்புக்கொண்டாலும் நீதவான் நேரில் இருந்தால் ஒழிய செல்லாது என்கிறது. வெள்ளைக்காரன் எழுதியதுதான், ஆனால் பொலிஸை எவ்வளவு நம்பலாம் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. பிரச்சினை அடுத்த பிரிவில். 27ஆம் பிரிவின்படி, சந்தேகநபர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் சாட்சியமாக எடுக்கலாம். வாசல் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது சட்டம்.

இப்போது அந்தப் பையனின் வாக்குமூலத்தைப் பாருங்கள். கானில் கிடந்த கதை, சாக்கு, விறகுக்குப் போனது, எல்லாம் வெளியே போய்விட்டது. உள்ளே வந்தது ஒரே ஒரு வரி: "விறகுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன், காட்ட முடியும்." அப்புறம் அதே சட்டத்தின் 114ஆம் பிரிவு இருக்கிறது, களவு போன பொருள் கொஞ்ச நாளுக்குள் யாரிடம் இருக்கிறதோ, அவர் ஒழுங்காகக் காரணம் சொல்லாவிட்டால், அவரே திருடியவர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். காரணம் அவனிடம் இருந்தது. நான் அதை அரைகுறையாகத்தான் சிங்களத்துக்குக் கொண்டுபோனேன்.

மிச்சக் கதை சுருக்கமானது. விளக்கமறியல் இரண்டு வாரம். பிணை கொடுத்தார்கள், ஆனால் சரீரப் பிணைக்கு ஆள் வேண்டும், கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும், சொந்தமாக வீடோ காணியோ உள்ள ஆளாக இருந்தால் நல்லது. லயத்தில் யாருக்குக் காணி உறுதி இருக்கிறது? நான்கு தலைமுறை இருந்த வீட்டுக்கே உறுதி இல்லை. கடைசியில் டவுனில் ஒரு கடை முதலாளி இரக்கப்பட்டு நின்றார். பிறகு தவணைக்குத் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் அம்மாவுக்கும் மகனுக்கும் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகும், பஸ் காசு போகும், லோயருக்கு ஒரு தொகை போகும், அரைப் பேர்கூடப் போட மாட்டார் கங்காணி. மூன்றாவது தவணையில் லோயர் சொன்னார்: "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடியும். ஜெயிலுக்குப் போக மாட்டாய். இல்லாவிட்டால் இரண்டு மூன்று வருடம் இழுக்கும்." கெட்ட ஆள் இல்லை, நடக்கப் போவதைச் சொன்னார். பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டப்பணம், ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

அடுத்த வருடம் ஸ்டோர் வாச்சர் இரும்புக் கடையில் மோட்டர்ச் சாமான் விற்கும்போது பிடிபட்டான், பழைய செப்புக் கம்பியையும் தானே எடுத்து, இருட்டில் கொண்டுபோக முடியாமல் கானில் போட்டுவிட்டுப் போனதாகச் சொன்னான் என்று ஆபீஸில் பேச்சு. சந்தோஷமாகப் பையனின் வழக்கைத் திருத்தலாம் என்று போனேன். யாரிடம் போவது? வழக்கு முடிந்துவிட்டது, குற்றவாளியே ஒப்புக்கொண்டான், மேன்முறையீட்டுக் காலமும் போய்விட்டது. இரண்டு ஆபீஸ் ஏறி இறங்கினேன், மூன்றாவதுக்குப் போகவில்லை. அந்தப் பையனின் கைரேகை முன்குற்றப் பதிவில் ஏறியது ஏறியதுதான். அதற்குப் பிறகு தோட்டத்தில் எது காணாமல் போனாலும் ஜீப் முதலில் நின்றது அவன் லயத்துக்கு முன்னால்.

இதைத்தான் நான் சொல்ல வந்தது. வழக்கு தோற்பது நீதிமன்றத்தில் என்று எல்லாரும் நினைக்கிறோம். மலையகத்தில் அது பொலிஸ் நிலையத்து மேசையில், முதல் தாளில், பேசியவனுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்படும்போதே பாதி தோற்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிற சட்டத்தரணி, நீதவான், மேன்முறையீடு எல்லாரும் அந்தத் தாளைத்தான் பார்க்கிறார்கள், அவன் வாயிலிருந்து வந்ததை யாரும் கேட்டதில்லை.

நான் சின்ன வழக்கைச் சொல்கிறேன், இதே விஷயம் பெரிய வழக்கில் எப்படிப் போகும் என்பதற்குச் சிங்கராசா வழக்கு இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம், அதன் 16ஆம் பிரிவு உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைச் செல்லுபடியாக்குகிறது. அது மிரட்டி வாங்கியது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் கைதானவர்தான். நல்லரத்தினம் சிங்கராசா கிழக்கைச் சேர்ந்த தமிழர், அவருக்குச் சிங்களம் தெரியாது. ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது, இடையில் மொழிபெயர்த்தது ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள், கீழே பெருவிரல் அடையாளம். 1995இல் மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை கொடுத்தது, மேன்முறையீட்டில் அது 35 ஆனது. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை அந்த ஒரு ஒப்புதல்தான். 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு இது நியாயமான விசாரணை இல்லை என்று சொன்னது. அதைக் கொண்டுபோய் நம் உயர் நீதிமன்றத்தில் வைத்தபோது, 2006இல், அந்தக் குழுவிடம் முறையிடும் ஏற்பாட்டில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். வாசித்தபோது எனக்கு அந்தக் கான்ஸ்டபிள்தான் கண்ணில் நின்றார். அவரும் என்னைப் போல எத்தனை அரைச்சொல்லை விழுங்கினாரோ.

சட்டத்தில் தமிழ் இல்லையா என்றால் இருக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது, அடுத்த வருடம் 16ஆவது திருத்தம் அதை விரித்தது. நீதிமன்றம் நடக்கிற மொழி தெரியாதவருக்கு உரைபெயர்ப்பு கிடைக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரையே சொல்கிறது. வடக்கு கிழக்கில் நீதிமன்றம் தமிழில் நடக்கும், மற்ற இடங்களில் சிங்களத்தில். மலையகம் அந்த "மற்ற இடங்களில்" விழுந்துவிட்டது. நுவரெலியா மாவட்டத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும் சரி. நீதிமன்றத்திலாவது உரைபெயர்ப்பாளர் ஒருவர் நிற்கிறார், அவர் சொல்வதைக் கேட்க ஒரு கூட்டமே இருக்கிறது, தப்பாகச் சொன்னால் தமிழ் தெரிந்த சட்டத்தரணி எழும்புவார். பொலிஸ் நிலையத்தில் என்னைப் போல ஒரு கிளாக்கர், அல்லது தேநீர்க் கடைக்காரர், அல்லது பிடிபட்டவனோடு பகை இருக்கிற பக்கத்து லயத்துக்காரர்.

சொல் ஒன்று மாறினால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒன்று. 1974இல் அமெரிக்காவில் எலிசபெத் லொஃப்டஸ் என்ற உளவியலாளர், பாமர் என்பவரோடு சேர்ந்து மாணவர்களுக்கு வாகன விபத்துப் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார். ஒரே படம். "மோதி நொறுங்கியபோது என்ன வேகம்" என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 41 மைல் என்றார்கள், "தொட்டபோது என்ன வேகம்" என்றால் 32 மைல். இன்னொரு தடவை ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டார். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. "நொறுங்கிய" சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள், சாதாரணமாக "மோதிய" என்று கேட்டிருந்தவர்களில் 7 பேர். அவர்கள் படித்த பிள்ளைகள், கேள்வி அவர்களுடைய தாய்மொழியிலேயே, பயமில்லை, வீட்டுக்குப் போனால் சாப்பாடு இருக்கிறது. இங்கே தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலையிலிருந்து இறங்கி வருகிறவனைப் பிடித்தால் அறிக்கையில் "கூரிய ஆயுதத்துடன்" என்று வரும். கவ்வாத்துக்காரன் வேறு எதோடு வருவான்?

கண்ணால் பார்த்த சாட்சி விஷயம் இன்னும் மோசம். பார்த்தவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1984இல் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு மாணவி, பின்னால் அடையாளம் காட்ட வேண்டும் என்பதற்காகவே அந்த நேரத்திலும் ஆளின் முகத்தை உற்றுப் பார்த்து வைத்திருந்தார். பிறகு படங்களிலும் அணிவகுப்பிலும் ரொனால்ட் கொட்டன் என்பவரைக் காட்டினார், உறுதியாக. கொட்டன் பத்து வருடத்துக்கு மேல் சிறையில் இருந்து 1995இல் டிஎன்ஏ பரிசோதனையால் வெளியே வந்தார். இடையில் உண்மையான குற்றவாளியை நீதிமன்றத்தில் அந்த மாணவியின் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள், இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்றார். பொய் இல்லை. படத்தில் பார்த்த முகம் மனதிலிருந்த முகத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. அங்கே 1989க்கும் 2020க்கும் இடையில் டிஎன்ஏ மூலம் விடுதலையான 375 பேரின் வழக்குகளை இன்னசன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு பார்த்ததில், 69 சதவீதத்தில் தவறான அடையாளம் இருந்தது, 29 சதவீதத்தில் செய்யாததைச் செய்ததாகச் சொன்ன ஒப்புதல்.

நம் பக்கம் மாசி மாதத்துக் காமன் கூத்தில் நடந்த ஒரு கைகலப்பு ஞாபகம் வருகிறது. இரவு, தீப்பந்தம், பனி மூட்டம், கூத்தாடுகிறவர்கள் முகத்தில் அரிதாரம், பார்க்கிறவர்கள் தலையில் மப்ளர். ஒருவருக்கு மண்டை உடைந்தது. நீதவான் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடந்தது, சாட்சி போய் நேராக ஒருவனின் தோளைத் தொட்டார். பின்னால் என்னிடமே சொன்னார்: வாக்குமூலம் கொடுக்கப் போன அன்று பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவன் அவன்தானாம், அதனால் "முகம் பழக்கமாகத் தெரிந்தது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் கைவிலங்குப் படம் போட்ட பிறகு, அந்தப் பையனை அணிவகுப்பில் நிறுத்தினால் அதற்கு என்ன மதிப்பு? நகை பறிகொடுத்த அம்மாவும் உங்கள் பேப்பரைப் பார்த்திருப்பார், அல்லது போனில் யாராவது அனுப்பியிருப்பார்கள். பொலிஸாரே சந்தேகநபர்களின் முகத்தைத் துணியால் மூடிக் கூட்டிப்போவதைப் பார்த்திருக்கிறோம், அதற்குக் காரணம் இதுதான். உண்மையாகவே அவன்தான் எடுத்திருந்தாலும் உங்கள் படத்தால் வழக்கு கெடும், அவன் எடுக்காவிட்டால் உங்கள் படத்தால் மாட்டுவான். இரண்டு பக்கமும் நட்டம்.

கொட்டதெனியாவ மறந்துவிட்டதா? 2015 செப்டெம்பர். ஒரு சின்னப் பிள்ளை கொல்லப்பட்டு நாடே கொதித்தது. முதலில் 17 வயது மாணவன் ஒருவனையும் ஒரு குடும்பஸ்தரையும் பிடித்தார்கள், டிஎன்ஏ பொருந்தவில்லை. பிறகு இன்னொருவரைப் பிடித்து, அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார்கள். அவருடைய பட்டப்பெயரை நாட்டில் தெரியாதவர் இல்லை, எல்லாப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் தீர்ப்பே எழுதிவிட்டன, தூக்கில் போட வேண்டும் என்று ஊர் ஊராக ஆர்ப்பாட்டம். அவருக்கும் டிஎன்ஏ பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய சகோதரருக்கு. அடுத்த வருடம் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரருக்குத்தான் மரண தண்டனை கொடுத்தது. டிஎன்ஏ என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், அந்த "ஒப்புதல்" எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று யோசியுங்கள். நம் தோட்டத்து வழக்குகளில் டிஎன்ஏ கிடையாது. கொழுந்து மூட்டை, மரம், நகை, கசிப்பு, அடிதடி, இதில் எதில் இரத்தமும் மயிரும் பரிசோதனைக்குப் போகப் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எங்கள் பக்கம் கொழுந்து நிறுப்பதுகூட மின்தராசில், செக்ரோல் என்ற பேர்ப் பதிவேடு எல்லாம் கம்ப்யூட்டரில். மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இங்கிலாந்தில் தபால் துறை ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை நம்பி, கணக்கில் காசு குறைகிறது என்று உப தபால் அதிபர்கள் மேல் வழக்குப் போட்டது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். பிழை மென்பொருளில். கடைசியில் 2024இல் பாராளுமன்றமே சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்துச் செய்தது. கிளாக்கராக இருந்தவன் என்பதால் இதை வாசித்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கு குறைந்தால் நாங்களும் முதலில் ஆளைத்தான் பார்ப்போம்.

குற்றவாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறார் கிளாக்கர் என்று சிலர் சொல்வார்கள். நகை போன வீட்டின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும், என் மகள் வீட்டிலேயே போயிருக்கிறது. ஆனால் தப்பான ஆளைப் பிடித்த அன்றே தேடுவதும் நின்றுவிடும். செப்புக் கம்பி வாச்சர் ஒரு வருடம் நிம்மதியாகத் திருடினான், ஏனென்றால் "திருடன்" ஏற்கெனவே அகப்பட்டுவிட்டான்.

செய்ய வேண்டியது பெரிய விஞ்ஞானம் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ரெக்கோர்டிங் வசதியுள்ள போன் இருக்கிற காலத்தில், சந்தேகநபர் சொல்வதை அவர் மொழியிலேயே பதிந்து வைக்க ஏன் முடியாது? இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தோடு விசாரணையை ஒலிப்பதிவு செய்யும் வழக்கம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் 1975இல் பொய்யான ஒப்புதல்களை வைத்துத் தண்டித்த பர்மிங்ஹாம் ஆறு பேரும் 16 வருடம் கழித்து 1991இல்தான் வெளியே வந்தார்கள். பதிவு இருந்தால் நான் "அஹுலகத்தா" என்றேனா "கத்தா" என்றேனா என்று யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். பொலிஸாருக்கும் அது நல்லது, அடித்தார்கள் என்று பொய்யாகச் சொல்லவும் முடியாது. தமிழ் பேசியவரின் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, பிரதி ஒன்றைக் கையில் கொடுத்தால் அது போதும், அதை அதிகாரிகள் பிறகு எந்த மொழிக்கும் மாற்றிக்கொள்ளட்டும். தமிழ் எழுதத் தெரிந்த பொலிஸ்காரர்களை மலையக நிலையங்களுக்குப் போட வேண்டும் என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், மேடையை விட்டு இறங்கியதும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது, வசதி இல்லாதவருக்கு இலவசமாகச் சட்டத்தரணி கிடைப்பார் என்பது எங்கள் லயங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதை உங்கள் பத்திரிகை வாரம் ஒரு தடவை ஒரு மூலையில் போட்டால் என்ன, ராசிபலனுக்கு அரைப்பக்கம் இருக்கிறதே.

இனிமேல் பொலிஸ் நிலையத்துக்குப் பேசப் போகிற கிளாக்கர்மார், தலைவர்மார், மாஸ்டர்மார் யாராவது இதை வாசித்தால், ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத தாளில் இன்னொருவரை ஒப்பம் வைக்கச் சொல்லாதீர்கள். "முழுசாக வாசித்துக் காட்டுங்கள், தமிழில் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்" என்று சொல்லுங்கள். சார்ஜன் முறைப்பார், முறைக்கட்டும். நான் அன்றைக்குச் சொல்லாதது அதைத்தான்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். கொழும்பில் ஒரு கடையில் மூட்டை தூக்கப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான், திருவிழாவுக்கு மட்டும் வருவான். பார்த்தால் "எப்படி இருக்கீங்க கிளாக்கரையா" என்று சிரிப்பான், பிள்ளைகளைக் காட்டுவான். அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல என்னிடம் பதிலும் இல்லை.

போன வாரத்து நகை வழக்கை நான் விடாமல் கவனித்துக்கொண்டிருப்பேன். ஒரு வேளை அந்தப் பையன் விடுதலையானால், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அதே அகலத்துக்குப் படத்தோடு போடுங்கள். கைவிலங்கு இல்லாத படமாக ஒன்று வேண்டுமென்றால் அவனுடைய அம்மாவிடம் வாங்கி நானே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர் ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்.